ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்றாவது விமானி

“இந்த இணைப்பால் எந்த விமானிக்கும் எந்த இழப்பும் ஏற்படாது” என்று மின்னஞ்சல் வந்த அன்றைக்கே விசாலாட்சி சொல்லிவிட்டாள், இழப்பு வரப்போகிறது என்று. அந்தமானில் போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுக அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கடிதப் பிரிவில் இருப்பவள். கடிதங்களை அவள் படிப்பதில்லை, மோந்து பார்ப்பாள்.

“கேக்காமலே ஒருத்தன் ‘ஒண்ணும் ஆகாது’ன்னு எழுதறான்னா, ஆகப்போறது என்னன்னு ஏற்கெனவே டைப் பண்ணி வச்சுட்டான்னு அர்த்தம்.”

அவள் கணவர் கேப்டன் செந்தமிழன் சிரித்தார். துவீப் ஏர் என்ற சின்ன நிறுவனத்தில் இருபத்தோரு வருடம் விமானம் ஓட்டியவர். அதில் பதினேழு வருடம் கேப்டன். பத்தொன்பது பேர் உட்காரும் இரட்டை இன்ஜின் விமானம். போர்ட் பிளேரிலிருந்து வடக்கே டிக்லிபூர், தெற்கே கேம்ப்பெல் பே. கப்பலில் இரண்டு நாள் ஆகும் தூரத்துக்கு இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விடுவார். பயணிகளில் பாதிப் பேரை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், மீதிப் பேர் அவரை. அப்பா ராமநாதபுரத்திலிருந்து வந்து ஹேடோ ஜெட்டியில் மூட்டை இறக்கியவர். மகன் வானத்திலிருந்து ஆளை இறக்குகிறான் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தத் துவீப் ஏரை மெயின்லேண்டில் பெரிய ஜெட் விமானங்கள் விடும் கங்கோத்ரி ஏர்வேஸ் வாங்கிவிட்டது. வாங்கியது என்று சொல்லக் கூடாது, சங்கமம் என்று சொல்ல வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. கங்கோத்ரியில் ஆயிரத்து நூற்று நான்கு விமானிகள். துவீப் ஏரில் முப்பத்தெட்டு. இந்த ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டும்.

வரிசை என்றால் சாதாரண வரிசை அல்ல. விமானிக்குச் சீனியாரிட்டி எண் ஜாதகம் மாதிரி. எந்த ஊரில் குடியிருப்பது, எந்த விமானத்தை ஓட்டுவது, தீபாவளிக்கு வீட்டில் இருப்பதா மேகத்தில் இருப்பதா, எல்லாவற்றையும் அந்த எண்தான் சொல்லும். முக்கியமாக, இடது இருக்கையா வலது இருக்கையா என்று சொல்லும். இடது கேப்டனுக்கு. வலது துணை விமானிக்கு. எண் பின்னால் போய்விட்டால், ஐம்பத்தொரு வயதில் செந்தமிழன் மெயின்லேண்டில் ஏதோ ஓர் ஊருக்குப் போய், தன் மகன் வயதுப் பையனின் வலப்பக்கத்தில் உட்கார்ந்து, “எஸ் கேப்டன்” சொல்ல வேண்டியிருக்கும்.

இதைத் தீர்மானிக்க ஒரு குழு போட்டார்கள். பெயர், சீனியாரிட்டி ஒருங்கிணைப்பு மற்றும் நல்லிணக்கக் குழு. தலைவர் சந்திரமோகன். கங்கோத்ரியின் மனித நல்லிணக்க இயக்குநர். குழுவின் முதல் கூட்டத்தைத் தீவு விமானிகளின் உணர்வுகளுக்கு மதிப்பளித்து மரைன் ஹில்லில் கடல் தெரியும் ஒரு ஹோட்டலில் வைத்தார்கள்.

கூட்டம் பத்து மணிக்கு. பதினொன்றரைக்கும் யாரும் உட்காரவில்லை. காரணம் நியாயமானது. நீள மேசையில் தலைவருக்கு அருகில் உட்காருகிறவர் சீனியர் என்றாகிவிடும், சீனியர் யார் என்று தீர்மானிக்கத்தான் கூட்டமே. ஹோட்டல்காரர் மாடியிலிருந்து வட்ட மேசை ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். அதில் ஏழு பேர்தான் உட்கார முடியும், குழுவில் பதினான்கு பேர். இன்னும் ஒரு வட்ட மேசை வந்தது. இரண்டு மேசையில் எது முதல் மேசை என்று கேள்வி எழுந்தது. கடைசியில் எல்லோரும் நாற்காலியைச் சுவரோரம் போட்டுக்கொண்டார்கள். அப்போது ஒருவர், ஜன்னலைப் பார்த்து உட்காருகிறவருக்குக் கடல் தெரிகிறது, அது ஒரு சலுகை என்றார். திரையை இழுத்து மூடினார்கள். கூட்டம் தொடங்கியது.

சந்திரமோகன் எழுந்து பேசினார்.

“நண்பர்களே, இணைப்பு என்பது எனக்குப் புதிதல்ல. இதுவரை மூன்று விமான நிறுவனங்களை நான் இணைத்திருக்கிறேன். அந்த மூன்றும் இன்று இல்லை. அந்த அளவுக்கு முழுமையாக இணைந்துவிட்டன.”

கைதட்டினார்கள். தீவுத் தரப்பில் வந்திருந்த செந்தமிழனும் தட்டினார். தட்டிய பிறகுதான் அந்த வாக்கியம் அவருக்குள் போய்ச் சேர்ந்தது.

அடுத்து, கங்கோத்ரி விமானிகள் சங்கத்தின் கேப்டன் முத்துகிருஷ்ணன். சென்னைக்காரர். கையில் ஒரு பட்டியல், கண்ணில் ஒரு வருத்தம்.

“நான் யாரையும் கொறைச்சுச் சொல்ல வரல. ஆனா நூத்தியெண்பது பேரை ஏத்திக்கிட்டு ஒரு மணி நேரம் பறக்கறதும், பத்தொன்பது பேரை ஏத்திக்கிட்டு ஒரு மணி நேரம் பறக்கறதும் எப்படி சார் ஒண்ணாகும்? நாங்க ஒரு மணி நேரம்னு சொன்னா அதுல நூத்தியெண்பது பேரோட மணி நேரம் இருக்கு. அதனால இவங்க மணிக்கணக்கைப் பத்தொன்பதால பெருக்கி நூத்தியெண்பதால வகுத்துடணும். கணக்குதான். கணக்குல விரோதம் கிடையாது.”

செந்தமிழன் எழுந்தார். பேசத் தயாராகி வந்திருந்தார். எழுந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

“மேகம் ஆளை எண்ணிப் பாக்காதே சார்” என்று மட்டும் சொன்னார்.

கூட்டக் குறிப்பில் அது இப்படிப் பதிவானது: தீவுத் தரப்பு வானிலை குறித்துக் கவலை தெரிவித்தது.

அந்தக் கணக்குப்படி, செந்தமிழன் பறந்த பதினோராயிரம் மணி நேரம் ஆயிரத்து நூற்று அறுபத்தொன்றாகச் சுருங்கியது. கேப்டன் ஆவதற்கே ஆயிரத்து ஐநூறு மணி நேரம் வேண்டும். ஆகவே அவர் இன்னும் கேப்டன் ஆகவில்லை. இதுவரை பதினேழு வருடம் கேப்டனாக இருந்தது பற்றி உரிய நேரத்தில் ஆராயப்படும் என்றார்கள்.

தீவுத் தரப்பில் ஒரு வக்கீலை வைத்திருந்தார்கள். அவரும் சளைத்தவர் அல்ல. மணிக்கணக்கை விடுங்கள், தரையிறக்கத்தை எண்ணுங்கள் என்றார். கங்கோத்ரி விமானி சராசரியாக ஒரு நாளைக்கு ஒருமுறை தரையிறங்குகிறார். செந்தமிழன் இதுவரை இருபத்திரண்டாயிரம் முறை இறங்கியிருக்கிறார். ஒரு தரையிறக்கத்துக்கு ஒரு நாள் என்று வைத்தால் அறுபது வருடச் சேவை. அதாவது, அவர் பிறப்பதற்கு ஒன்பது வருடம் முன்பே வேலையில் சேர்ந்துவிட்டார்.

அன்று மாலை செந்தமிழன் வீட்டுக்கு நல்ல மனநிலையில் வந்தார். விசாலாட்சி விவரம் கேட்டாள். சொன்னார்.

“பொறக்கறதுக்கு முன்னாடியே சேர்ந்தவருக்கு இந்நேரம் ரிட்டயர்மென்ட் ஆகியிருக்கணுமே” என்றாள். அவருடைய நல்ல மனநிலை அதோடு முடிந்தது.

மூன்று மாதம் கழித்துத் தற்காலிகப் பட்டியல் வந்தது. குழு எந்தத் தரப்பையும் புண்படுத்த விரும்பவில்லை. இரண்டு கணக்கையும் ஏற்றுக்கொண்டது. மணிக்கணக்குப் பதிவேட்டில் அவர் பெயரை ஆங்கிலத்தில் ‘ழ’வுக்கு உரிய எழுத்துகளோடு எழுதியிருந்தார்கள். தரையிறக்கப் பதிவேட்டில் ‘ல’ போட்டு எழுதியிருந்தார்கள். ஆகவே பட்டியலில் இரண்டு பேர் இருந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டாவது இடத்தில் செந்தமிலன். ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்றாவது இடத்தில் செந்தமிழன். விமானிகள் மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு பேர்தான் என்பதை யாரும் கவனிக்கவில்லை. பறந்தவர் ஒருவர், இறங்கியவர் இன்னொருவர் என்று குழு திருப்தியடைந்திருந்தது.

இவர் குறைதீர்க்கும் பிரிவுக்கு எழுதினார், இருவரும் நானே என்று. பதில் வந்தது. தங்களைவிட எழுநூற்று முப்பத்தோரு இடம் மூத்த ஒரு விமானியின் அடையாளத்தைத் தாங்கள் கோருவது வருத்தத்துக்குரியது. அவ்வாறு கோர வேண்டுமானால் மேற்படி மூத்த விமானியிடமிருந்து ஆட்சேபணையில்லாச் சான்று பெற்று இணைக்கவும்.

செந்தமிழன் தனக்குத் தானே சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். இரண்டு கையெழுத்தும் ஒன்றுபோல் இருப்பதால் போலி எனச் சந்தேகிக்கப்படுகிறது என்று திரும்பி வந்தது.

இதற்கிடையில் நானூற்றுப் பன்னிரண்டாமவருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. தொண்ணூறு நாளாக வேலைக்கு வராத காரணத்தை விளக்கவும். அதுவும் இவர் வீட்டு முகவரிக்குத்தான் வந்தது. இவர் விளக்கம் எழுதினார். மூத்தவர் சார்பில் இளையவர் விளக்கம் தர விதியில் இடமில்லை என்றார்கள். அடுத்த மாதம் நானூற்றுப் பன்னிரண்டாமவரை வேலைநீக்கம் செய்தார்கள். சீனியராக இருந்த செந்தமிழனுக்கு வேலை போய்விட்டது. ஜூனியராக இருந்த செந்தமிழன் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். துக்கம் கேட்பதா வேண்டாமா என்று விசாலாட்சிக்கும் தெரியவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள்.

பட்டியலில் இன்னொரு விசேஷம் இருந்தது. செந்தமிழனோடு வலது இருக்கையில் நாலு வருடமாகப் பறக்கும் துணை விமானி ரூபாவுக்கு அறுநூற்றுப் பதினொன்று. ஜெட் விமானத்துக்கான பயிற்சியை அவள் முன்பே முடித்திருந்தாள் என்பதால் அந்த இடம். ரூபாவின் பெற்றோர் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். அம்மா பேச்சியம்மா ரப்பர் பால் எடுத்து மகளைப் படிக்க வைத்தவர். பட்டியலைப் பார்த்துவிட்டு ரூபா செந்தமிழன் முன்னால் வந்து நின்றாள்.

“நான் ஒண்ணும் கேக்கலீங்க சார். சத்தியமா. எனக்குத் தரையெறக்கச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே. இப்ப ஒங்களுக்கு மேல நம்பர் போட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பக்கத்துல குந்துறது?”

“குந்துற எடத்துலதான் இப்பப் பிரச்சினையே” என்றார் அவர்.

உண்மைதான். அறுநூற்றுப் பதினொன்று வலதில் உட்கார்ந்து ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று இடதில் உட்கார்வதைக் கங்கோத்ரி சங்கம் எதிர்த்தது. ரூபா இடதில் உட்கார்வதைத் தீவுத் தரப்பு எதிர்த்தது. கேப்டன் தேர்வு இன்னும் எழுதாததால் ரூபாவே அதை எதிர்த்தாள். குழு ஒரு வழி கண்டுபிடித்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் இருவரும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும்: இடது இருக்கையில் அமர்வதால் எனக்கு எந்த உரிமையும் உண்டாகாது, வலது இருக்கையில் அமர்வதால் எனக்கு எந்த உரிமையும் இல்லாமல் போகாது. பயணிகளுக்கான அறிவிப்பும் மாறியது. “வணக்கம். எந்தத் தரப்பின் கோரிக்கைக்கும் பாதகமின்றி, தற்போதைக்கு, உங்கள் கேப்டன் செந்தமிழன்” என்று அவர் மைக்கில் சொன்னபோது டிக்லிபூர் வியாபாரி ஒருவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கப் பார்த்தார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் இரு தரப்பும் ஒரே நாளில் மெயின்லேண்டில் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் சாதாரணமாக ஒன்றைச் சொன்னது. அடுத்த விசாரணை வரை பட்டியல் விஷயத்தில் இப்போதுள்ள நிலையே, அதாவது ஸ்டேட்டஸ் கோ, தொடரட்டும்.

அதைக் கங்கோத்ரியின் சட்டப் பிரிவு படித்தது.

அன்று செந்தமிழன் கேம்ப்பெல் பேயில் இருந்தார். போர்ட் பிளேர் திரும்ப வேண்டும். வானம் சுத்தமாக இருந்தது. ஆனால் இரண்டு மணிக்கு மேல் தெற்கிலிருந்து மழை ஏறும் என்று தகவல். பதினான்கு பயணிகள். பதின்மூன்று பேர் ஏறியாகிவிட்டது. கடைசியாக ஒச்சம்மா.

ஒச்சம்மாவுக்கு அறுபத்தாறு வயது. உசிலம்பட்டிப் பக்கம் பிறந்தவள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குத் தீவில் நிலம் கொடுத்த காலத்தில் புருஷனோடு வந்தவள். புருஷன் போய்விட்டார். மார்பில் புற்று. இருபத்தோரு நாளுக்கு ஒருமுறை போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி. ஆறு ஊசியில் மூன்று முடிந்திருந்தது. நாலாவதுக்குப் போகிறாள். செந்தமிழன் அவளுடைய பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, படியில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது குணா ஓடி வந்தான். கேம்ப்பெல் பேயில் நிறுவனத்தின் ஒரே ஆள். டிக்கெட் கிழிப்பதும் பெட்டி ஏற்றுவதும் கொடி காட்டுவதும் அவன்தான்.

“சாப், ருக்கியே, ருக்கியே! அப்படியே நில்லுங்க சாப்! யாரும் அசையக் கூடாதாம்.”

அவன் கையிலிருந்த போனில் உத்தரவு இருந்தது. இன்று முற்பகல் 11.40 மணிக்கு யார், எங்கே, எந்த நிலையில் இருந்தார்களோ, அங்கே, அந்த நிலையிலேயே தொடரவும். மேற்படி நிலையைப் புகைப்படம் எடுத்து அனுப்பவும். மீறினால் நீதிமன்ற அவமதிப்பு.

மணி 11.41. பதினொன்று நாற்பதுக்கு விமானம் கேம்ப்பெல் பேயில் இருந்தது. ஆகவே அது அங்கேயே இருக்க வேண்டும். பதினொன்று நாற்பதுக்கு ரூபா, பதிவேட்டை எடுப்பதற்காக ஒரு நிமிடம் இடது இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். ஆகவே இடது அவளுடையது. செந்தமிழன் தரையில் இருந்தார். ஆகவே தரை அவருடையது. ஒச்சம்மாவின் ஒரு கால் இரண்டாவது படியில் இருந்தது. அவள் ஏறிய பயணியா ஏறாத பயணியா என்று தலைமையகத்தில் ஒரு தனி ஆலோசனை நடந்தது.

செந்தமிழன் குணாவின் போனை வாங்கிச் சந்திரமோகனைக் கூப்பிட்டார்.

“சார், ஒரு பேஷண்ட் இருக்காங்க. கான்சர். நாளைக்கு ஊசி. ரெண்டு மணிக்கு மேல வெதர் போயிடும். இப்பக் கெளம்பினாத்தான்.”

“கேப்டன், அதாவது மிஸ்டர் செந்தமிழன், உங்க வேதனை எனக்குப் புரியுது. என் மனசு பூரா அந்த அம்மாகிட்டதான் இருக்கு. ஆனா என் கையெழுத்து கமிட்டிகிட்ட இருக்கு.”

“கமிட்டியைக் கேளுங்க சார்.”

“கமிட்டி கூடணும்னா உட்காரணும். உட்கார்ற வரிசையும் இப்ப ஸ்டேட்டஸ் கோவுலதான் இருக்கு. பொறுமையா இருங்க. நாம எல்லாரும் ஒரே குடும்பம்.”

போனைக் கொடுத்துவிட்டு செந்தமிழன் வானத்தைப் பார்த்தார். இருபத்தோரு வருடமாக அவர் பார்த்த வானம். எரிபொருள் நிறைந்திருந்தது. இன்ஜினில் ஒரு குறையுமில்லை.

“ஏறுங்க அக்கா” என்று ஒச்சம்மாவைத் தூக்கிவிட்டார். பின்னாலேயே ஏறிக் கதவைச் சாத்தினார். ரூபா இடதிலிருந்து நகர்ந்து வலதில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். அவர் வலது இன்ஜினை முடுக்கினார். விசிறி சுற்றத் தொடங்கியது. உள்ளே யாரோ கைதட்டினார்கள்.

குணா மூக்குக்கு முன்னால் வந்து நின்று இரண்டு கையாலும் தலைக்கு மேல் பெருக்கல் குறி போட்டான். அவன் காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். அதை இடது ஜன்னல் வழியாக நீட்டினான். இப்போது பேசியது சட்டப் பிரிவு. அமைதியான குரல்.

“கேப்டன் யார் என்று தீர்மானமாகாத விமானம் சட்டப்படி விமானி இல்லாத விமானம். விமானி இல்லாமல் பறக்கும் விமானத்துக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. பயணிகளுக்கும் கிடையாது. தாங்கள் தாராளமாகப் பறக்கலாம். ஆனால் பறப்பது தாங்கள் அல்ல.”

செந்தமிழன் திரும்பிப் பார்த்தார். சின்ன விமானம், நடுவில் கதவு கிடையாது. பதினான்கு முகங்கள். மடியில் குழந்தையோடு ஒருத்தி. முன் வரிசையில் ஒச்சம்மா, பையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடியிருந்தாள். சாமி கும்பிடுகிறாளா மயக்கமா தெரியவில்லை. இவர்கள் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று ஆனால், காகிதத்தில் இவர்கள் பறக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

எரிபொருள் நெம்புகோலைக் கீழே இழுத்தார். அதை வேறு யாரும் செய்யவில்லை, அவர் கைதான் செய்தது. விசிறி மெதுவாகி, ஒவ்வொரு இறக்கையாகத் தெரிந்து, நின்றது.

“ஏப்பா, சுத்துச்சே. ஏன் நின்டுருச்சு?” என்றாள் ஒச்சம்மா.

ரூபா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இதோடு விடவில்லை. புகைப்படம் வர வேண்டும் என்று மறுபடி போன். ஆனால் நிலைமை கலைந்துவிட்டது. ஆகவே பழைய நிலைக்குக் கொண்டுவந்து எடுக்கச் சொன்னார்கள். ரூபா மறுபடி இடதில் உட்கார்ந்தாள். செந்தமிழன் தரையில் நின்று பையைப் பிடித்தார். ஒச்சம்மாவை இரண்டாவது படியில் ஒரு காலை வைக்கச் சொன்னான் குணா. சித்தி என்று முறை வைத்து, இந்தியில் மன்னிப்பும் கேட்டுக்கொண்டான்.

“காகி, ரெண்டே நிமிசம். அசையாதீங்க காகி, மாஃப் கரோ.”

“சிரிக்கவா வேணாமாப்பு?” என்று கேட்டாள் ஒச்சம்மா.

அந்தப் படம் பிற்பாடு வழக்கில் இணைப்பு ‘அ’ ஆனது. அதில் அவள் ஒருத்திதான் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் பகலில் கப்பல் இருந்தது. ஒச்சம்மா அதில் போனாள். விமானமும் இரண்டு விமானிகளும் கேம்ப்பெல் பேயில் ஒன்பது நாள் அசையாமல் இருந்தார்கள். ஹேடோ ஜெட்டியில் ஒச்சம்மாவை இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது விசாலாட்சிதான். அங்கிருந்து போன் செய்தாள்.

“ரெண்டு நாளும் வாந்தியாம். ஒரு வாய் கஞ்சி உள்ள போகல. ரத்தம் எறங்கிப்போச்சு, இப்ப ஊசி போட முடியாது, தேறட்டும்னு டாக்டர் ரெண்டு வாரம் தள்ளி வச்சுட்டார். கேக்குதா?”

“கேக்குது.”

“நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு நீங்க ஓட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

“ரெண்டு மணி நேரத்துல வந்திருப்போம்.”

இருவருமே போனை வைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ தெலுங்கில் அழுவது கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

வழக்கு முடிய ஒரு வருடம் ஆனது. நீதிமன்றம், அசையாமல் இரு என்று நாங்கள் எங்கே சொன்னோம் என்று கேட்டு, உங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டது. குழு மறுபடி கூடியது. இதற்குள் துவீப் ஏரின் முப்பத்தெட்டுப் பேரில் பலர் துபாய்க்கும் தோஹாவுக்கும் போய்விட்டார்கள். மீதியில் செந்தமிழனைத் தவிர எல்லோரும் மெயின்லேண்டில் கிடைத்த இடத்துக்கு மாறிக்கொண்டார்கள். ரூபாவுக்குப் பெங்களூரில் ஜெட் விமானம் கிடைத்தது. விடைபெற வந்தவள் விசாலாட்சியைக் கட்டிக்கொண்டு அழுதாள். செந்தமிழன் காலில் விழப்போனாள். அவர் விடவில்லை. “சீனியர் ஜூனியர் கால்ல விழக் கூடாதும்மா, கமிட்டிக்குத் தெரிஞ்சா வம்பு” என்றார். அழுதவள் சிரித்தாள்.

அந்தச் சின்ன விமானங்கள் மூன்றும் குத்தகை ஒப்பந்தம் முடிந்து ஒரு காலையில் வரிசையாகக் கிளம்பி மேற்கே போயின. ஓட்டிப்போனவர்கள் யாரோ. தீவுகளுக்கிடையிலான சேவை தற்காலிகமாக மறுஆய்வு செய்யப்படுகிறது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. விசாலாட்சி அதை வாங்கி மோந்து பார்க்கக்கூட இல்லை.

பிறகு இறுதிப் பட்டியல் வந்தது. தளவாரியாகப் பிரித்திருந்தார்கள். போர்ட் பிளேர் தளம் என்ற தலைப்பின் கீழே ஒரே ஒரு பெயர். வரிசை எண் ஒன்று, கேப்டன் செந்தமிழன். எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தது.

சந்திரமோகன் நேரில் வந்து, மரைன் ஹில் ஹோட்டலில், சால்வை போர்த்தினார்.

“இன்று ஒரு சரித்திர நாள். இந்தத் தளத்தில் கேப்டன் செந்தமிழனுக்கு மேலே யாரும் இல்லை. கீழேயும் யாரும் இல்லை. ஒரே ஒரு ஆட்சேபணை கூட வராத பட்டியலை என் முப்பது வருட அனுபவத்தில் இப்போதுதான் தயாரித்திருக்கிறேன். இவர் நமக்கெல்லாம் ஒரு பாடம்.”

“நான் எதை சார் ஓட்டறது?” என்று செந்தமிழன் கேட்டார்.

“நல்ல கேள்வி. அதற்கு வேறொரு குழு இருக்கிறது.”

அதிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்குச் சீருடை போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் ஓர் அறைக்குப் போய்க் கையெழுத்திட்டு மூன்று மணி வரை உட்கார்ந்திருப்பது அவர் வேலை. தயார் நிலை என்று அதற்குப் பெயர். ஒரு நாள் விடுப்பு எடுத்தார். விடுப்பு கேட்டவர்களில் அவரே சீனியர் என்பதால் உடனே கிடைத்தது.

ஹேடோவில் கேம்ப்பெல் பே கப்பல் வந்து நின்றிருந்தது. பரிசோதனைக்கு ஒச்சம்மா வருகிறாள் என்று குணா சொல்லியிருந்தான். ஆறு ஊசியும் ஒருவழியாக முடிந்திருந்தது. ஆனால் நடுவில் விட்டுப்போன இடைவெளியில் என்ன ஆனது என்று இனிமேல் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றிருந்தார் டாக்டர். ஆட்கள் மூட்டையும் பெட்டியுமாக ஏணிப்படியில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். எல்லோருக்கும் கடைசியாக அவள் தெரிந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். தலையில் துண்டு. செந்தமிழன் எதிர்ப்பக்கமாக ஏறிப்போய்க் கையைக் கொடுத்தார்.

“நீயாப்பா? பிளேனு இல்லாம நீ என்னப்பா வேல பாக்குற?”

“இங்க இப்ப நான்தான் அக்கா நம்பர் ஒண்ணு.”

“எதுல?”

அவர் அவளுடைய பையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

“நல்லாருப்பு” என்றாள் ஒச்சம்மா, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு. “எங்கிட்டாவது நல்லாரு.”

பின்னாலிருந்து கப்பல் சிப்பந்தி ஒருவன் “சலோ, சலோ, ஜல்தி” என்று சத்தம் போட்டான். செந்தமிழன் அவள் தோளை அணைத்து ஒரு படி வேகமாக இறங்கப் பார்த்தார். அவள் கைப்பிடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது.

“மெதுவாப் போப்பா” என்றாள். “முந்திப் போயி என்னத்தக் கண்டோம்.”